ஒரு குட்டி மேற்கோள் குறி

கம்ப்யூட்டர் திருட்டு என்றால் நம் சினிமாவில் இருட்டறை, பச்சை எழுத்து, படபடவென்று தட்டும் ஹீரோ. நிஜத்தில் இவ்வளவு அமர்க்களம் இல்லை சார். ஒரு ஒற்றை மேற்கோள் குறி போதும்.

பேங்க் சலானில் பெயர் எழுதும் இடத்தில் ஒருத்தன், 'முருகேசன், அப்படியே கல்லாவில் இருப்பதையும் கொடு' என்று எழுதினால் காஷியர் என்ன செய்வார்? செக்யூரிட்டியைக் கூப்பிடுவார். கம்ப்யூட்டர் கல்லாவைத் திறந்துவிடும். இதற்குப் பெயர் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன்.

நீங்கள் டைப் செய்யும் பெயரை, அசட்டையாக எழுதின புரோகிராம் இரண்டு மேற்கோள் குறிக்கு நடுவே ஒட்டி, 'இந்த ஆளின் விவரம் கொடு' என்று டேட்டாபேஸிடம் கேட்கிறது. பெயரோடு நீங்களே ஒரு மேற்கோள் குறி போட்டுவிட்டால் பெயர் அங்கேயே முடிந்தது, மிச்சமெல்லாம் உத்தரவு. 'அல்லது 1=1' என்று சேர்த்தால் தீர்ந்தது கதை. ஒன்றும் ஒன்றும் சமம் என்பது யாருக்குத்தான் பொய்? எல்லார் ஜாதகத்தையும் கொட்டிவிடும்.

இது ரகசியமே இல்லை. 1998-லேயே 'ஃப்ராக்' என்ற ஹாக்கர் பத்திரிகையில் அச்சுப்பிச்சு இல்லாமல் எழுதிவிட்டார்கள். அப்புறமும் 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் டெலிபோன் கம்பெனி இதே வித்தையில் விழுந்தது. 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் போச்சு. அதில் 15,656 பேருக்கு பேங்க் கணக்கு எண்ணும் சேர்த்து. 2009-ல் வாங்கிப்போட்ட இன்னொரு கம்பெனியோடு ஒட்டிக்கொண்டு வந்த பழைய பக்கங்கள் வழியாகத்தான் புகுந்தார்கள். அப்படிப் பக்கங்கள் இருப்பதே இவர்களுக்குத் தெரியாதாம்! அதே வருஷம் ஜூலையிலும் செப்டம்பரிலும் இதே வழியில் ஆள் வந்து போயிருக்கிறான். 2016-ல் 4 லட்சம் பவுண்டு அபராதம். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களில் ஒருவனுக்கு வயசு 17. கோர்ட் அவன் ஐபோனைப் பிடுங்கிக்கொண்டது.

பரிகாரம் சுலபம். கேள்வியை முதலில் தனியாக டேட்டாபேஸிடம் கொடுத்துவிட வேண்டும். பெயர் பின்னால் தனியாகப் போகும். அதில் என்ன எழுதியிருந்தாலும் அது வெறும் பெயர்தான், உத்தரவு ஆகாது. ஏறக்குறைய எல்லா கம்ப்யூட்டர் மொழியிலும் இந்த வசதி இருக்கிறது, காசில்லாமல்.

சில பேர் இதை விட்டுவிட்டு மேற்கோள் குறியையே தடை செய்துவிடுகிறார்கள். பாவம், அயர்லாந்தில் ஓ'பிரையன், ஓ'கானர் என்று ஊர்ப்பட்ட பேர். சொந்தப் பெயரை ஒழுங்காக எழுதினால், 'தவறான பெயர், மறுபடி முயலவும்' என்கிறது கம்ப்யூட்டர்.