மலைவழிப் பிரயாணமும் கைப்பேசித் தொடர்பும்

பொள்ளாச்சியிலிருந்து புறப்பட்டுப் பாலக்காட்டுச் சமவெளியையும் அட்டப்பாடி மலையையும் பார்த்துவிட்டு, உடுமலைப்பேட்டை வழியாகச் சின்னாற்றுக் காட்டைக் கடந்து, மறையூர், மூணாறு, போடிமெட்டு, குமுளி என்று தமிழ்நாட்டு, கேரள எல்லையை ஒட்டியே பல நாட்கள் காரிலோ மோட்டார் சைக்கிளிலோ சுற்றிவருகிற வழக்கம் இன்று மாணவர் முதல் ஓய்வுபெற்ற தம்பதியர் வரை எல்லோரிடமும் பரவியிருக்கிறது. இப்படிப் புறப்படுகிறவர்கள் வண்டியின் டயரையும் பிரேக்கையும் சிரத்தையோடு பரிசோதிக்கிறார்கள். ஆனால் வழி காட்டுவது, தங்குமிடம் பிடிப்பது, பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் செலுத்துவது, ஆபத்து நேர்ந்தால் ஆளைக் கூப்பிடுவது ஆகிய அத்தனை காரியங்களையும் கைப்பேசி ஒன்றினிடமே ஒப்படைத்துவிட்டு, அதை இயக்குகிற இன்டர்நெட் தொடர்பைப் பற்றி மட்டும் ஒரு கணமும் யோசிப்பதில்லை. மலைப் பிரயாணத்துக்குத் தொடர்பைத் தேர்ந்தெடுப்பதில் தனி விவேகம் வேண்டும் என்பதும், தனிமனிதனின் விவேகத்துக்கு எட்டாத பகுதியை அரசாங்கங்கள்தாம் பொறுப்பேற்று நிறைவேற்ற வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

முதலில் நிலத்தின் இயல்பைக் கவனிப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை, பாலக்காட்டருகே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டு நிற்கிறது. சேலத்திலிருந்து கொச்சிக்குச் செல்லும் 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை அந்தக் கணவாய் வழியாகவே போகிறது. வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், சித்தூர் முதலிய ஊர்கள் திறந்த சமவெளியில் இருப்பதால் அங்கே எந்தக் கம்பெனியின் சிம் கார்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும். ஆனால் ஆனைகட்டியைக் கடந்து அட்டப்பாடிக்குள் நுழைந்தாலும், சேத்துமடையைக் கடந்து டாப்ஸ்லிப் வழியாகப் பரம்பிக்குளத்துக்குச் சென்றாலும் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்ததேயாயினும், வண்டியில் போகிறவர் கேரளத்தவரானாலும் தமிழ்நாட்டு மண்ணின் வழியாகத்தான் அங்கே போய்ச் சேர வேண்டும் என்பது இந்த எல்லையின் விசித்திரங்களுள் ஒன்று. தெற்கே இடுக்கி மாவட்டத்திலோ, தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமாகிய 2,695 மீட்டர் ஆனைமுடியைச் சுற்றி மலையும் பள்ளமுமாகவே நிலம் கிடப்பதால், ஒரு கொண்டை ஊசி வளைவில் நன்றாகக் காட்டுகிற சிக்னல் அடுத்த வளைவில் முற்றிலும் மறைந்துபோவது சகஜம்.

இதற்குக் காரணம் எளிது. கைப்பேசியின் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிலேயே பிரயாணம் செய்கின்றன. கோபுரத்துக்கும் நமக்கும் நடுவே ஒரு மலை குறுக்கிட்டால் அதன் மறைவில் அலை எட்டுவதில்லை. 700, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தூரம் அதிகமாகச் செல்வதோடு, மேடு பள்ளங்களில் ஓரளவு வளைந்தும் செல்லும். 5ஜி சேவைக்குப் பெரிதும் பயன்படும் 3,500 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகளோ வேகம் மிகுந்தவையானாலும் எட்டும் தூரம் குறைந்தவை. ஆகவே நகரத்தில் நாம் பெருமையாகக் கருதும் வேகம் மலையில் அநேகமாக உபயோகப்படுவதில்லை. அது மட்டுமன்று: கிடைக்காத 5ஜியைத் தேடித் தேடிக் கைப்பேசி தன் பாட்டரியை விரைவில் தீர்த்துவிடும். மலையேறு முன் கைப்பேசியின் அமைப்பில் 4ஜி என்று நிலைநிறுத்திவிடுவது, செலவில்லாமல் கிடைக்கிற முதல் சௌகரியம்.

இன்னொரு பழைய எண்ணத்தையும் கைவிட வேண்டும். ஒரு காலத்தில் எல்லையைக் கடந்தவுடன் ரோமிங் கட்டணம் பிடிக்கப்பட்டு, வருகிற அழைப்பை எடுப்பதற்கும் நிமிஷக் கணக்கில் பணம் போயிற்று. குமுளியிலும் போடிமெட்டிலும் இருப்பவர்களுக்கு, எதிர்ப்புறத்து மாநிலத்தின் கோபுரத்தைக் கைப்பேசி தானாகப் பற்றிக்கொண்டால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோதே ரோமிங் ஆகிவிடும். தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமாகிய டிராய் அந்தக் கட்டணங்களை 2013-லும் 2015-லும் படிப்படியாகக் குறைத்தது. பிறகு கம்பெனிகளின் போட்டியில் அவை மறைந்தே போயின. கேரளத்துக்குப் போவதற்காகக் கேரள சிம் ஒன்று வாங்க வேண்டும் என்ற அவசியம் இன்று இல்லை. எந்த மாநிலத்து சிம் என்பதைவிட எந்தக் கம்பெனியின் கோபுரம் நாம் போகும் பாதையில் நிற்கிறது என்பதே முக்கியம். டிராய் 2024-ல் வெளியிட்ட சேவைத் தர விதிகளின்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் சேவை எட்டும் பிரதேசத்தை வரைபடமாகத் தன் இணையதளத்தில் காட்டியாக வேண்டும். புறப்படு முன் நாம் தங்கப்போகும் ஊர்களை அந்த வரைபடங்களில் ஒருமுறை பார்த்துவிடுவது, ரீசார்ஜ் சலுகைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட அதிகப் பயன் தரும்.

ஒரே கம்பெனியை நம்பி மலையேறக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு சிம் வேண்டும். அவை இரண்டும் வெவ்வேறு கம்பெனிகளுடையவாகவும், கூடுமானால் வெவ்வேறு கோபுரங்களில் இயங்குபவையாகவும் இருக்க வேண்டும். ஏர்டெல், வோடபோன் ஐடியா ஆகிய இரண்டும் பெரும்பாலும் இண்டஸ் டவர்ஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கோபுரங்களில் வாடகைக்கு இருப்பதால், மின்சாரம் போய் பாட்டரியும் டீசலும் தீர்ந்தால் இரண்டும் சேர்ந்தே மௌனமாகிவிடக்கூடும். ஜியோவில் 2ஜி சேவை கிடையாது. 4ஜி அலை எட்டாத இடத்தில் அதில் பேசவும் முடியாது. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகிய மற்ற மூன்றிலும் 2ஜி இருப்பதால், இன்டர்நெட் அறவே இல்லாத இடத்திலும் ஒரு வார்த்தை பேசிவிட வழியுண்டு. ஆகவே ஒரு சிம் பொதுத்துறையைச் சேர்ந்த பி.எஸ்.என்.எல்.லாகவும் மற்றொன்று தனியார் நிறுவனத்தினுடையதாகவும் இருப்பது இந்த எல்லைக்குப் பொருத்தமான சேர்க்கை. பி.எஸ்.என்.எல். நிறுவனம் கேரளத்தில் தன் 4ஜி சேவையை 2018-ல் முதன்முதலாகத் தொடங்கியதே இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலைப் பகுதியில்தான் என்பது நினைக்கத்தக்கது.

இந்த விவேகத்தை மலைவாசிகள் முன்பே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர்களைப் பாருங்கள்: வண்டியின் முன்கண்ணாடி அருகே ஒரு தொடுதிரைக் கைப்பேசி, சட்டைப்பையில் பொத்தான் வைத்த சிறு கைப்பேசி, இரண்டிலும் வேறு வேறு சிம். எந்த வளைவில் எதற்கு டவர் கிடைக்கும், எந்தப் பாலத்தைத் தாண்டினால் எதற்கும் கிடைக்காது என்பது அவர்களுக்கு மனப்பாடம். மறையூரில் வெல்லக் கடை முன் நிற்கிற பிரயாணி, கியூஆர் அட்டையை நோக்கிக் கைப்பேசியை நீட்டி, வட்டம் சுழல்வதையே பார்த்துக்கொண்டு தவிக்கும்போது, கடைக்காரர் தம்முடைய ஹாட்ஸ்பாட்டைத் திறந்து கடவுச்சொல்லைச் சொல்கிறார். பணம் போய்ச் சேருகிறது. புறப்படு முன் இவர்களைப் போன்ற ஒருவரிடம் கேட்டறிவதற்கு ஈடான ஆலோசனை வேறு இல்லை.

மற்ற ஆயத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போகும் பிரதேசத்தின் வரைபடத்தை இன்டர்நெட் இல்லாமலே பார்க்கும்படி முன்கூட்டியே பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டும். அறை முன்பதிவு, வனத்துறை அனுமதி முதலியவற்றின் படத்தையும் கைப்பேசியில் சேமித்துவைக்க வேண்டும். கையில் கொஞ்சம் ரொக்கம் அவசியம் இருக்க வேண்டும். தங்கும் விடுதியில் கம்பிவழி இன்டர்நெட் இருந்து கைப்பேசி சிக்னல் மட்டும் இல்லையென்றால், வைஃபை காலிங் வசதியைத் திறந்துவைத்தால் வழக்கமான எண்ணிலிருந்தே பேசலாம். 112 என்ற அவசர எண்ணை அழைக்கும்போது நம் கம்பெனிக்கு அலை இல்லாவிட்டாலும் வேறு கம்பெனியின் அலை கிடைத்தால் பெரும்பாலும் அதன் வழியே அழைப்பு சென்றுவிடும் என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே கடையில் விற்கும் சிக்னல் பூஸ்டரையும் சாட்டிலைட் போனையும் இங்கே அனுமதியின்றி வைத்திருப்பதோ உபயோகிப்பதோ சட்டப்படி குற்றம்.

இவ்வளவும் பிரயாணி தன் சக்திக்குள் செய்துகொள்ளக்கூடியவை. ஆனால் நாலு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறவன் இரண்டு சிம் வாங்கி ஒருவாறு சமாளித்துவிடுகிற அதே மலையில், வருஷம் முழுவதும் வாழ்கிற தோட்டத் தொழிலாளியின் நிலை என்ன? 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடிற்று. எழுபது பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். மழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தபடியால் அந்தச் செய்தி வெளியுலகத்துக்கு எட்டியது மறுநாள் காலையில்தான். உயிரோடு புதையுண்டவர்களுக்கு அந்த ஓர் இரவு என்ன அர்த்தமாயிருந்திருக்கும் என்பதை நினைக்க நெஞ்சு நடுங்குகிறது. பள்ளிகள் மூடிக் கிடந்த அந்தக் காலத்திலேயே, ஆன்லைன் பாடத்துக்கு ரேஞ்ச் தேடி மூணாறுப் பகுதி எஸ்டேட் குழந்தைகள் மேடேறிச் சாலையோரத்தில் உட்கார்ந்து படித்ததையும் பத்திரிகைகளில் பார்த்தோம். இன்டர்நெட்டைப் பெறுவது கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரிலேயே தீர்ப்பளித்திருந்தது என்பதை இதனோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிரயாணியின் சௌகரியத்துக்கும் தொழிலாளியின் உயிர்ப் பாதுகாப்புக்கும் பரிகாரம் ஒன்றே: மலையில் நிற்கிற ஒவ்வொரு கோபுரமும் எல்லாக் கம்பெனிகளின் வாடிக்கையாளருக்கும் பொதுவாக வேண்டும். பொதுப்பணத்தில் போட்ட சாலையில் இன்ன கம்பெனியின் லாரி மட்டுமே ஓடலாம் என்று விதித்தால் நாம் ஒப்புவோமா? இது கற்பனை யோசனையன்று. டிஜிட்டல் பாரத் நிதியின் உதவியோடு கிராமப்புறங்களில் எழுப்பப்பட்ட ஏறத்தாழ 27,000 கோபுரங்களில், ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் மற்றொரு கம்பெனியின் அலையையும் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாட்டை மத்திய அரசாங்கம் 2025 ஜனவரியில் தொடங்கியிருக்கிறது. பிரிட்டனில் அரசாங்கமும் நான்கு கைப்பேசி நிறுவனங்களும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகச் செலவைப் பகிர்ந்துகொண்டு, கிராமப்புறங்களில் கோபுரங்களைக் கூட்டாக உபயோகிக்கும் திட்டத்துக்கு 2020-ல் உடன்பட்டன. மானியத்தில் எழுந்த கோபுரத்துக்குச் செல்லுபடியாகிற நியாயம், நிலச்சரிவு அபாயமுள்ள மலைப்பாதையில் நிற்கிற தனியார் கோபுரத்துக்கும் செல்லுபடியாக வேண்டும். அதற்குரிய நியாயமான கட்டணத்தை நிறுவனங்கள் தமக்குள் தீர்த்துக்கொள்ளட்டும்.

வனத்தில் கோபுரங்களைப் பெருக்கலாமா என்று கேட்பவர்களின் கவலை மதிக்கத்தக்கது. சின்னாற்றுக் காட்டின் ஒவ்வொரு வளைவிலும் வீடியோ ஓட வேண்டும் என்று யாரும் கோரவில்லை. அந்தக் காட்டின் அமைதி யானைக்கும் சாம்பல் மலை அணிலுக்கும் உரியது. பொதுக் கோபுரம் என்பது கோபுரங்களின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியே தவிரக் கூட்டும் வழியன்று. அலை எட்டாத நீண்ட காட்டுப் பாதைகளில், இரு முனையிலும் உள்ள சோதனைச் சாவடிகளில் கண்ணாடி இழை வழியே இலவச வைஃபையும் ஓர் அவசரத் தொலைபேசியும் இருந்தால் போதும். கேரளத்தில் 2023 ஜூனில் தொடங்கிவைக்கப்பட்ட கே-ஃபோன் வலையமைப்பும், தமிழ்நாட்டில் கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனமும் இதற்காகவே இருக்கின்றன.

இந்த மலைகளில் போக்குவரத்து என்பது எக்காலத்திலும் இரு பக்கமும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டதுதான். மூணாற்றுத் தேயிலை, 1908-ல் குறுகிய இருப்புப்பாதையாக மாற்றியமைக்கப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடி போய்ச் சேர்ந்தது. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த ரயிலை அழித்த பிறகும், ஏலக்காயும் வேலையாட்களும் இரு திசையிலும் போய்வருவது நிற்கவேயில்லை. அவ்வாறிருக்க, அலைவரிசை மட்டும் தமிழ்நாட்டு வட்டம், கேரள வட்டம் என்று இரண்டு அலுவலகங்களின் கோப்புகளில் பிரிந்து கிடப்பது பொருத்தமன்று. கோயம்புத்தூர், திருப்பூர், தேனி மாவட்ட ஆட்சியர்களும் பாலக்காடு, இடுக்கி மாவட்ட ஆட்சியர்களும் தொலைத்தொடர்பு நிறுவனங்களை ஒரே மேஜைக்கு அழைத்து, ஆனைகட்டி, சேத்துமடை, சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய ஆறு பாதைகளிலும் டவர் அற்றுப்போகும் இடங்களை இன்னின்னவை என்று குறித்து, கோபுரங்களைப் பொதுவாக்குவதற்கும் மின்சாரம் நின்றாலும் அவை இயங்குவதற்கும் ஒரு தேதி நிர்ணயிக்க வேண்டும். அடுத்த தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் அந்தக் கூட்டம் கூட வேண்டும் என்று இரு மாநில அரசாங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.