துக்கத்துக்கு விடுப்பு வேண்டும், துக்க வீட்டுக்குக் கூரை வேண்டும்

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் இழப்பு குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த ராஜமலை பெட்டிமுடியில் மலை சரிந்து வந்து தொழிலாளர் வரிசை வீடுகளான நான்கு லயங்களை மூடியது. மின்சாரம் இல்லை, போன் தொடர்பும் இல்லை. விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 70 பேர் போய்விட்டார்கள். 66 உடல்கள் கிடைத்தன. நால்வர் கிடைக்கவே இல்லை. பெரும்பாலானோர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்த் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். அது கொரோனா காலம். எல்லை தாண்ட பாஸ் வேண்டியிருந்தது. ஒரே ரத்தமாக இருந்தும் கடைசியாக முகம் பார்க்க முடியாமல் போன சொந்தங்கள் தமிழ்நாட்டில் இன்னும் அதைச் சொல்லி அழுகிறார்கள்.

மலை சரிந்த மறுநாள் கோழிக்கோட்டில் விமான விபத்து. அங்கே இறந்தவர்களின் குடும்பங்களுக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது; பெட்டிமுடிக்கு 5 லட்சம். இது முதற்கட்ட உதவிதான் என்று விளக்கம் சொன்னார்கள். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் விழுந்தது அந்த இரண்டு எண்கள்தான். ஒரே அரசு, ஒரே வாரம், இரண்டு விலை. இழப்பீட்டில் இப்படி ஒரு பாகுபாடு இனி எந்த மலையிலும் நடக்கக் கூடாது.

பேரிடர் வந்தால்தான் எங்கள் மக்களின் துக்கம் செய்தியாகிறது. மாரடைப்பிலும் புற்றுநோயிலும் தற்கொலையிலும் யானை தாக்கியும் ஒவ்வொருவராகப் போகும்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த அறிக்கை அந்தச் சாவுகளையும் சேர்த்துத்தான்.

சொந்த வாழ்க்கை வேறு, வேலை வேறு என்று நகரத்தில் பிரித்துப் பேசலாம். எஸ்டேட்டில் அது நடக்காது. குடியிருக்கும் லயம் கம்பெனியுடையது. அடுத்த கதவில் இருப்பவர் கூடக் கொழுந்தெடுப்பவர். செத்துப்போனவரும் நேற்றுவரை அதே மஸ்டரில், காலை வருகைப் பதிவில், பேர் கொடுத்தவர். கருமாதி முடிந்து மலைக்குப் போகிற பெண், புருஷன் மருந்தடித்த அதே காட்டில் நின்றுதான் கொழுந்து எடுக்க வேண்டும். கை ஓடாது, எடை குறையும், கூடுதல் கிலோவுக்கான காசும் போகும். பக்கத்தில் நிற்கும் பெண்கள் தங்கள் படுதாவிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் படுதாவில் போடுவதை எங்கள் தோழர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த ஈரம்தான் இத்தனை காலமும் எங்கள் மக்களைக் காப்பாற்றியது. நிர்வாகம் தன் கடமையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு இருந்தது, பேறுகாலச் சலுகை இருந்தது. துக்கத்துக்கென்று எதுவும் இருந்ததில்லை. புதிய சட்டத் தொகுப்புகள் வந்தும் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. கணவனோ மனைவியோ, பிள்ளையோ, பெற்றவரோ இறந்தால் பதினாறாம் நாள் வரை முழுச் சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. ஊர் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் போக வர ஆகும் நாட்களைச் சேர்த்துத் தர வேண்டும். நெல்லியாம்பதியிலிருந்து இறங்கிப் பாலக்காடு வழியாக எல்லை தாண்டுவதும், மூணாறிலிருந்து போடிமெட்டு இறங்கித் தெற்கே போவதும் அரை நாள் வேலை அல்ல.

விடுப்பை விடப் பெரிய கவலை வீடு. வேலைக்காரர் போய்விட்டால் லயத்தில் இருக்கும் உரிமையும் ஆட்டம் காண்கிறது. அதனால் அப்பா செத்த வீட்டில் படிக்கிற பையன் புத்தகத்தை மூடிவிட்டு மஸ்டருக்கு வருகிறான். பெட்டிமுடியில் தப்பிய எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பகுதியில் அரசு நிலத்தில் கம்பெனி வீடு கட்டித் தந்தது, நல்ல காரியம். அந்தப் பாதுகாப்பு கிடைக்க ஒரு மலையே சரிய வேண்டியிருந்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை. தொழிலாளி இறந்தால் குறைந்தது ஐந்து ஆண்டுகள் குடும்பத்தை வீட்டிலிருந்து இறக்கக் கூடாது. அதற்குள் சொந்த நிலத்தில் வீடு என்பது அரசின் பொறுப்பு.

பணம் சார்ந்த உரிமைகள் பலருக்குத் தெரியவே தெரியாது. வேலையில் இருக்கும்போது இறந்தால் கிராஜுவிட்டிக்கு ஐந்து ஆண்டு சர்வீஸ் நிபந்தனை கிடையாது. பி.எஃப். கணக்கோடு சேர்ந்த இன்சூரன்ஸ் 7 லட்சம் வரை தருகிறது. நாமினியும் கூடவே இறந்துபோன குடும்பங்களில் யார் போய்க் கேட்பது? எஸ்டேட் ஆபீஸே விண்ணப்பத்தைத் தமிழில் நிரப்பிக் கொடுக்க வேண்டும்.

மனசுக்கும் வைத்தியம் தேவை. மலையாளத்தில் கேட்கும் கேள்விக்குத் தமிழில் அழுகிறவர் என்ன பதில் சொல்வார்? இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழ் பேசும் ஆலோசகர்களை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டும். அதுவரை, தூக்கம் வராமல் தவிப்பவர்கள் டெலிமானஸ் 14416 எண்ணைக் கூப்பிடுங்கள். காசு வேண்டாம், தமிழில் பேசலாம். உங்கள் லயத்தில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த எண்ணை இன்றைக்கே அவர் கையில் எழுதிக் கொடுங்கள்.