ஒருவரும் ஒதுங்கி நில்லாப் பந்தி

உணவு பசியைத் தணிப்பதோடு தன் பணியை முடித்துக்கொள்வதில்லை. உண்போரை உறவாக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. ஆங்கிலத்தில் தோழரைக் குறிக்கும் 'கம்பானியன்' என்னும் சொல்லும், தொழில் நிறுவனத்தைக் குறிக்கும் 'கம்பெனி' என்னும் சொல்லும் இலத்தீன் மொழியின் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. உடனமர்ந்து ரொட்டி உண்பவர் என்பது அவ்வேரின் பொருள். எனவே ஒரு நிறுவனத்தில் பணியாற்றுவது சொல்லளவில் ஒரே பந்தியில் அமர்வதாகவே ஆகிறது.

இப்பொருளை நினைவூட்டும் இனிய வழக்கம் ஒன்று அமெரிக்க அலுவலகங்களில் உண்டு. பிறந்தநாள், பணி ஓய்வு, ஆண்டிறுதி விழா போன்ற நாள்களில் பணியாளர் ஒருவர் தம் வீட்டிலேயே காலைச் சிற்றுண்டி சமைத்து எடுத்துவந்து, உடன் பணியாற்றுவோர்க்குப் பகிர்ந்தளிப்பார். அவ்வாறு வரும் உணவுகளுள் பெயர்பெற்றது காலை உணவுக் கேசரோல்.

நம் இல்லங்களில் கேசரோல் என்றவுடன் சப்பாத்தியைச் சூடு ஆறாமல் காக்கும் மூடியிட்ட பாத்திரமே நினைவுக்கு வரும். மேலைநாட்டார்க்கோ அது வெப்ப அடுப்பினுள் வைத்து வேகவைக்கும் ஆழமான தட்டம். அத்தட்டத்தில் சமைக்கும் உணவிற்கும் அதுவே பெயராயிற்று. நம் இலக்கணத்தார் இதனை ஆகுபெயர் என்பர்.

செய்முறை எளியது. 9 அங்குல அகலமும் 13 அங்குல நீளமும் உடைய தட்டத்தில் ரொட்டித் துண்டுகளைப் பரப்புவர். வதக்கிய இறைச்சி, வெங்காயம், குடைமிளகாய் ஆகியவற்றை அவற்றின் மேல் தூவுவர். எட்டு முதல் பன்னிரண்டு முட்டைகளைப் பாலுடன் அடித்து ஊற்றி, துருவிய பாலாடைக்கட்டியை மேலே இட்டு, இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைப்பர். ரொட்டி பாலையும் முட்டையையும் உறிஞ்சி மென்மையுறும். விடியலில் 350 பாரன்ஹீட் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வேகவைப்பர். உணவின் நடுப்பகுதி 160 பாரன்ஹீட்டை எட்டினால்தான் முட்டை நன்கு வெந்தது எனக் கொள்வர். பத்துப்பேர் பசியாற இஃதொன்றே போதும்.

ஒரு குடும்பத்தின் தேவைக்கு மிஞ்சிய அளவில், பிறரை எண்ணி முதல்நாள் இரவே தொடங்கப்படும் சமையல் இது. கடையில் வாங்கிவரும் பண்டத்தில் பணம் இருக்கிறது. இதில் ஒருவரது உறக்க நேரம் இருக்கிறது. ஆதலின் இவ்வழக்கத்தை நாம் உளமாரப் பாராட்டுகிறோம். எனினும் பாராட்டோடு நின்றுவிட இயலாது.

தட்டம் மேசைக்கு வந்ததும் அனைவரும் சூழ்ந்து நிற்க, ஒருவர் மட்டும் தேநீர்க் கோப்பையுடன் சற்று விலகி நிற்பதுண்டு. இவ்வுணவில் பெரும்பாலும் இடப்படுவது பன்றி இறைச்சி. முஸ்லிம்களும் யூதர்களும் அதனைத் தொடார். இறைச்சியை நீக்கினும் சமணர் போன்றோர்க்கு முட்டை ஆகாது. சிலவகைப் பாலாடைக்கட்டியில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளும் சேர்வதுண்டு. இவை நெறிபற்றிய விலக்குகள். உடல்பற்றிய விலக்குகளும் உள. உணவு ஒவ்வாமையை உண்டாக்குவனவற்றுள் முதன்மையானவை என எட்டினை அமெரிக்கச் சட்டம் 2004இல் வகுத்தது. 2021இல் இயற்றிய மற்றொரு சட்டத்தால் எள்ளும் சேர்ந்து ஒன்பதாயிற்று. அவ்வொன்பதனுள் முட்டை, பால், கோதுமை ஆகிய மூன்றும் இவ்வுணவின் அடித்தளமே ஆகும்.

"எல்லாருக்கும் ஏற்றதைச் சமைக்க எவரால் இயலும்? இயன்றவர் உண்ணட்டும், இயலாதவர் விட்டுவிடட்டும்" என வாதிடுவோர் உளர். அன்புடன் உழைத்தவர்மீது மேலும் சுமை ஏற்றுவது முறையோ என்னும் அவர்தம் வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும், நாள்தோறும் அருகிலிருந்து பணியாற்றுபவர் எதனை உண்ணார் என்பதை அறியாதிருத்தல் அவரையே அறியாதிருத்தலாகும். முதல்நாள் கேட்கும் ஒரு வினாவிற்குச் செலவு ஏதுமில்லை. இறைச்சியின்றி ஒரு தட்டமும், முட்டையும் பாலும் இன்றி உருளைக்கிழங்கும் காய்கறியும் கொண்டு ஒரு சிறு தட்டமும் செய்யலாம். ஒவ்வொன்றிற்கும் தனிக்கரண்டி இடலாம். சேர்ந்துள்ள பொருள்களை ஒரு சிறு தாளில் எழுதி அருகில் வைக்கலாம். அத்தாளைக் காணும்போது, தம்மையும் ஒருவர் நினைத்தார் என்னும் நிறைவு விலகி நின்றவர்க்கு உண்டாகும். பசி தீர்வதினும் பெரியது அந்நிறைவு.

மற்றொன்றும் கருதத்தக்கது. காலை ஒன்பது மணிக்குப் பரிமாறினால் இரவுக் காவலர் அதற்குள் இல்லம் சென்றிருப்பார். துப்புரவுப் பணியாளர் அவ்வறையில் நுழையத் தயங்குவார். மேசையைத் துடைப்பவர்க்கு அம்மேசையில் இடமில்லையெனில் அதனைப் பந்தி என்று சொல்ல நம் நா எழவில்லை. முதல் துண்டினை அவர்க்கென எடுத்துவைப்பதே முறை.

இக்கருத்து அமெரிக்கர்க்கு மட்டும் உரியதன்று. நம் கல்லூரிகளில் பயின்ற இளைஞர் பலர் இன்று அந்நாட்டு அலுவலகங்களில் பணியாற்றுகின்றனர். ஒதுங்கி நிற்பவராக அவர்கள் இருக்க நேரலாம். நாளை தட்டம் ஏந்திச் செல்பவராகவும் இருக்க நேரலாம். ஒரே சகனைச் சுற்றியமர்ந்து உண்ணும் வழக்கத்தைக் கண்டு வளர்ந்தவர்க்குக் கூடியுண்ணலின் சிறப்பைப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆயின் நம்மவர் சூழ்ந்த சகனில் அனைவர்க்கும் ஏற்பது எது என்பதை நாம் முன்பே அறிவோம். பல சமயத்தாரும் பல நாட்டாரும் கூடும் அலுவலகத்தில் அதனைக் கேட்டுத்தான் அறிதல் வேண்டும்.

ஆதலின், பகிர்ந்துண்ண விழையும் மாணவச் செல்வங்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே: சமையலை முட்டையை உடைப்பதில் தொடங்காதீர்கள், "உங்களுக்கு எது ஆகாது?" என்று கேட்பதில் தொடங்குங்கள்.