சுண்ணாம்பும் உளுந்தஞ்சோறும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

விடுமுறை என்றதும் நம் மாணவர்களுக்குக் குற்றாலம் நினைவுக்கு வரும், இல்லையேல் கைப்பேசி. சென்ற மாசி மாதத்தில் ஒரு சனியையும் ஞாயிறையும் நான் அடுப்படியிலும் சாந்துச் சட்டியின் அருகிலும் கழித்தேன். அதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்புத் தோழர் ஒருவர், "இதெல்லாம் மலருக்கு ஒரு பொருளா?" என்று சிரித்தார். பொருள்தான் என்பது என் கருத்து.

கடையநல்லூரில் எங்கள் வீடு என் தந்தையாரின் தாத்தா கட்டியது. செங்கற்சுவர், சுண்ணாம்புப் பூச்சு, நாட்டு ஓடு. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது 1949இல். அதற்கு முந்திய வீடு ஆகையால், சிமெண்ட் என்பதை அந்தச் சுவர் அறியாது. ஆறு ஆண்டுகளுக்கு முன் நாங்கள்தான் அறியச் செய்தோம். தந்தையார் கொத்தனார். வேலையிடத்தில் மிஞ்சிய சிமெண்டைக் கேட்டு வாங்கி வந்து மேற்குச் சுவரின் அடிப்பகுதியைப் பூசினார். இரண்டு ஐப்பசி தாங்கியது. பிறகு பூச்சு பலகை பலகையாய்ப் பெயர்ந்தது. உள்ளே செங்கல் விரலால் தொட்டால் உதிரும் பொடியாகி இருந்தது.

சிற்றப்பா வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இன்னும் எத்தன நாளைக்கு இந்த மண்ணக் கட்டிக்கிட்டு அழப்போறிய? இடிச்சுட்டு மச்சு போடுங்க" என்றார். எட்டு இலட்சம் ஆகுமாம். தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டிலுள்ள நகை அவள் படிப்புக்கு என்று அம்மா ஒதுக்கி வைத்தது. அதை அடகு வைத்தால் வீடு எழும்பும், அவள் படிப்பு? இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்பது எங்களுக்குக் கலையழகு பற்றிய கேள்வி அன்று.

என் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிக் கற்சுண்ணாம்பு மிஞ்சும். அது நீர் பட்டால் கொதித்து நீறும். நீறிய சுண்ணாம்பு சுவரில் ஏறியபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல வாங்கி மறுபடியும் கல்லாகும். தேர்வில் இதற்குச் சமன்பாடு எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ஆனால் இது எங்கள் வீட்டுச் சுவரில் நடந்த கதை என்று அன்றுவரை எனக்குத் தோன்றவே இல்லை! சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே சுவரின் ஈரம் வெளியே போகும். சிமெண்ட் பூச்சு அந்த வழியைப் பெரும்பாலும் அடைத்துவிடும். அடைபட்ட ஈரமும் உப்பும் செங்கல்லை உள்ளேயே தின்னும். சிமெண்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. புதுக் கட்டடத்துக்கு அது ஏற்றது, பழஞ்சுவருக்கு ஒவ்வாது.

இதைத் தந்தையாரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சுண்ணாம்பு வேல உங்க அம்மைக்குத்தாம்லே தெரியும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்தச் செய்தியே தெரியும். அம்மா இன்று பீடி சுற்றுகிறார். மணமாவதற்கு முன் சித்தாள். மச்சு வீடுகளின் மேல்தளத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய் நீரும் கருப்பட்டி நீரும் தெளித்துப் பெண்கள் வரிசையாய் அமர்ந்து கட்டையால் நாட்கணக்கில் அடிப்பார்களே, அந்த வரிசையில் இருந்தவர். கருப்பட்டி எதற்கு என்று கேட்டேன். "அப்பத்தான் சாந்து வழுக்கிக்கிட்டு வரும்" என்றார். சர்க்கரை நீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும் என்பது வேதியியல். அதை அவருக்குக் கை சொல்லியிருக்கிறது.

முந்தின ஞாயிறே சுண்ணாம்பை நீற்றி ஊறவிட்டோம். (கண்ணில் தெறித்தால் பார்வை போய்விடும், கிட்டே நிற்பது விளையாட்டன்று.) சனிக்கிழமை காலை சிமெண்டைக் கொத்தி எடுத்தார்கள். அம்மா சுவரடியில் இருந்தால் அடுப்படியில் யார்? தங்கைக்குத் தேர்வு நெருக்கம். நான் போனேன்.

உளுந்தஞ்சோறு எளிது என்று நினைத்திருந்தேன். இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு தோலுளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். முதல் நாள் அடிப்பிடித்தது. எள்ளை ஒரு நொடி கூடுதலாய் வறுத்ததில் துவையல் கசந்தது. தந்தையார் ஒன்றும் சொல்லாமல் உண்டார். அம்மா மட்டும், "நாளைக்கி உளுந்த லேசா வறுத்துட்டுப் போடு, தண்ணி இன்னும் ஒரு செம்பு" என்றார். ஆய்வுக்கூடத்தில் ஒரு சொட்டுப் பிசகினால் பதறும் நாம், அம்மாவின் அளவை 'கைப்பக்குவம்' என்று ஒரு சொல்லில் கடந்துவிடுகிறோம். ஞாயிறன்று சோறு சரியாக வந்தது.

மேற்குமலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயர் வாழ்ந்தார். 1917இல் பிறந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர். ஐந்து மைல் சுற்றுக்குள் கிடைக்கும் பொருள்களால் வீடு கட்ட வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னது தம் மனத்தில் பதிந்ததாகக் கூறுவார். செங்கல், சுண்ணாம்பு, ஓடு இவற்றைக் கொண்டே ஏழைகளுக்குக் குறைந்த செலவில் கட்டினார். 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ தந்தார்கள். அதே சுண்ணாம்பைக் கையாளத் தெரிந்த என் தாயோ, "படிக்கிற புள்ள, கையி வெந்துரும், தள்ளி நில்லுய்யா" என்கிறார். படிப்பு என்பது கையில் சுண்ணாம்பு படாதிருப்பது என்று அவர்களை நம்பவைத்தது யார்? முதல் தலைமுறையாய்க் கல்லூரிக்கு வந்த நம்மில் பலர் தந்தையின் தொழிலை விண்ணப்பப் படிவத்தில் மட்டுமே எழுதுகிறோம்.

எல்லாப் பழைய வீட்டையும் காப்பாற்றிவிடலாம் என்று வாதிட மாட்டேன். விட்டத்தைக் கரையான் தின்றிருந்தால் நானும் இடிக்கத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் விட்டம் உறுதியாக இருந்தது. கைமரம் ஒன்றையும் உடைந்த ஓடுகளையும் மாற்றினோம். சுண்ணாம்பு, மணல், மரம், ஓடு எல்லாம் சேர்ந்து ஆறாயிரத்துக்குள் முடிந்தது. கூலி இல்லை, வீட்டார் கைகள். நகை பெட்டியிலேயே இருக்கிறது.

சிற்றப்பாவுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "ஆனிச் சாரல் வரட்டும், பாப்போம்" என்கிறார். நியாயம்தான். பூச்சு இறுகப் பல வாரங்கள் பிடிக்கும். அதுவரை வெயிலில் வெடிக்காமல் இருக்க நாள்தோறும் கல்லூரிவிட்டு வந்ததும் சாக்கை நனைத்துச் சுவரில் தொங்கவிடுவது என் வேலை. வடக்குச் சுவர் பாக்கி இருக்கிறது. அதற்கு அவியல் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம்.