கீழ்வீட்டுக் கதைகள்

பத்திக்காரருக்கு இந்த வாரம் கோபம். எந்தப் புத்தகத்தையும் 15 நிமிடத்தில் பிழிந்து தருவதாக ஒரு செயலியின் விளம்பரம் கைப்பேசியில் வந்து விழுந்தது. காட்டமாக நாலு வார்த்தை எழுத உட்கார்ந்தார். மேசையில் செங்கல் கனத்தில் ஒரு நாவல் கிடந்தது. செயலி தப்பித்தது.

சூசன்னா கிளார்க்கின் 'ஜோனதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்', 2004-இல் வந்தது. 800 பக்கத்தைத் தொடும். நெப்போலியன் காலத்து இங்கிலாந்தில் மந்திரம் வழக்கொழிந்து, அதைப் பற்றிக் கட்டுரை வாசிக்கும் கனவான்கள்தான் மிச்சம். ஒரு வித்தை செய்து காட்டச் சொன்னால் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சல். அப்போதுதான் நாரெல் என்ற சிடுமூஞ்சி, யார்க் பேராலயத்துக் கற்சிலைகளைப் பேச வைக்கிறார். பிறகு மழையைக் கொண்டே போர்க்கப்பல்கள் செய்து பிரெஞ்சுக்காரர்களை மிரட்டுகிறார். கண்ணில் பட்ட மந்திர நூல்களையெல்லாம் வாங்கிப் பூட்டி வைப்பதும் இதே மனிதர்தான். (இந்த இடத்தில் பத்திக்காரர் தம் அலமாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.)

பத்திக்காரர் சொக்கிப்போனது அடிக்குறிப்புகளில். ஏறக்குறைய 200 இருக்கும். உலகில் இல்லாத நூல்களுக்கு ஆசிரியர் பெயர், பதிப்பு விவரம் எல்லாம் கொடுத்து, முகத்தில் சிரிப்பே காட்டாமல் போகிறார் கிளார்க். நாட்டிங்ஹாம் மந்திரவாதியின் மகள் தொலைத்த மோதிரத்தின் கதை, ஒரு முழுச் சிறுகதை, அடிக்குறிப்பாகவே வருகிறது. மேல்வீட்டில் நாவல் நடக்கக் கீழ்வீட்டில் பாட்டி கதை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடிக்குறிப்பை அள்ளிக்கொண்டுபோய் நூலின் கடைசியில் கொட்டும் நம் பதிப்பாளர்களைப் பற்றி இந்தப் பத்தி ஏற்கெனவே மூன்று முறை புலம்பியிருக்கிறது. நான்காவது முறையும் புலம்பும். ஒரு விரல் 40-ஆம் பக்கத்தில், இன்னொன்று 412-இல். காப்பி டம்ளரை எந்தக் கையால் எடுப்பது?

கேம்பிரிட்ஜில் சமையல் புத்தகங்களைச் செம்மை செய்யும் வேலையில் இருந்தபடியே, பத்து வருடம் உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார் கிளார்க். 2005-இல் ஹியூகோ விருது கிடைத்தது. 2015-இல் பிபிசி ஏழு பகுதித் தொடராக எடுத்தது. குறை சொல்ல முடியாது, ஆனால் பாட்டிக்கு அங்கே இடமில்லை.

வாசகர்கள் இதை அச்சிலேயே வாங்கிப் படிக்கவும். பத்திக்காரரிடம் இரவல் கேட்க வேண்டாம்.