குட்டி ரயிலும் குழந்தையின் கேள்வியும்



நம் இல்லங்கள் பலவற்றில் வரவேற்பறையை அலங்கரிக்கும் கண்ணாடி அலமாரி ஒன்று உண்டு. பீங்கான் கோப்பைகளுக்கும் அத்தர் குப்பிகளுக்கும் நடுவே, உறைகூடப் பிரிக்கப்படாத விளையாட்டுப் பொருள் ஒன்று அதில் வீற்றிருக்கும். கடல் கடந்து உழைக்கும் வாப்பா விடுமுறையில் வந்தபோது ஆசையோடு வாங்கி வந்தது அது. "கையில் கொடுத்தால் உடைத்து விடுவான்" என்று உம்மா அதை மேல்தட்டில் வைத்துப் பூட்டி விடுகிறார். விருந்தினர் வந்தால் அதைப் பார்த்து மகிழ்கின்றனர். யாருக்காக வாங்கப்பட்டதோ அந்தப் பிள்ளை மட்டும் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறான்!

உடைந்து விடுமோ என்ற அச்சத்திற்கே இடந்தராத ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றி இம்மாதம் பேசுவோம். பிளாஸ்டிக் கட்டைகளைக் கொண்டு கட்டி, மோட்டார் பொருத்தி ஓட்டும் ரயில்தான் அது. கட்டுவதற்கும் கலைப்பதற்கும் மீண்டும் கட்டுவதற்கும் என்றே செய்யப்பட்டது. அதைப் பூட்டி வைப்பது, புத்தகம் வாங்கிப் பிரிக்காமல் வைப்பதற்கு ஒப்பாகும்.

இக்கட்டைகளின் வரலாறு ஒரு தச்சரின் பட்டறையில் தொடங்குகிறது. டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்பவர் 1932ஆம் ஆண்டு மரத்தால் விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். 1934இல் தம் தொழிலுக்கு 'லெகோ' என்று பெயரிட்டார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கம் அது. 1949இல் பிளாஸ்டிக் கட்டைகள் வந்தன. மேலே குமிழ்களும் அடியில் குழல்களுமாக, ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்ளும் இன்றைய அமைப்புக்கு 1958 ஜனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. அன்று முதல் அளவு மாறவில்லை. அக்காலத்துக் கட்டை இக்காலத்துக் கட்டையோடு பொருந்துகிறது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு மட்டும் இருந்தால் போதும். அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 வகைகளில் இணைக்கலாம் என்று கணித வல்லுநர்கள் கண்டுள்ளனர்.

1966ஆம் ஆண்டு இக்கட்டைகளுக்கு மோட்டாரும் தண்டவாளமும் கிடைத்தன. ஒன்றரை வோல்ட் பேட்டரிகள் மூன்றைச் சேர்த்து நாலரை வோல்ட்டில், நீலநிறத் தண்டவாளத்தின் மீது முதல் ரயில் ஓடிற்று. 1991இல் உலோகத் தகடு பதித்த தண்டவாளம் வந்தது. வீட்டு மின்சாரத்தை 9 வோல்ட்டாகக் குறைத்துத் தண்டவாளத்தின் வழியே மோட்டாருக்கு அனுப்பினர். 2006 முதல் மீண்டும் பேட்டரி ரயில்கள் வந்தன. 2018இல் கைப்பேசியிலிருந்தே இயக்கும் முறையும் சேர்ந்தது.

சரி, கட்டத் தொடங்குவோமா? முதலில் சமமான தரை வேண்டும். பாயின் மடிப்பும் கம்பளத்தின் மேடும் ரயிலுக்கு ஆகா. வளைந்த தண்டவாளத் துண்டுகள் பதினாறு சேர்ந்தால் ஒரு முழு வட்டம். அதன் குறுக்களவு ஏறத்தாழ 70 சென்டிமீட்டர். இங்கே சற்று நிறுத்துங்கள். ஒரு வட்டத்திற்கு 360 பாகை என்று பள்ளியில் படித்த பிள்ளையிடம், ஒரு துண்டு எத்தனை பாகை வளைகிறது என்று கேளுங்கள். 22½ என்ற விடையை அவன் தன் கையில் ஏந்திக்கொண்டே கண்டுபிடிப்பான்.

அடுத்து வண்டி. பிள்ளைகள் பெரும்பாலும் நீண்ட பெட்டி ஒன்றைக் கட்டி, அதன் இரு முனைகளிலும் சக்கரங்களை அசையாதபடி பொருத்தி விடுவார்கள். நேர்ப்பாதையில் அது நன்றாக ஓடும். வளைவு வந்ததும் இறுகி நிற்கும். அல்லது தடம் புரளும். உடனே திருத்திக் கொடுக்க ஓடாதீர்கள்! "ஏன் நின்றது?" என்று மட்டும் கேளுங்கள். நேராக நிற்கும் சக்கரம் வளையும் பாதையோடு மல்லுக்கு நிற்கிறது என்பதை அவனே காணட்டும். சக்கரச் சட்டத்தைப் பெட்டியின் அடியில் ஓர் அச்சில் திரும்பும்படி அமைத்தால் வண்டி வளைவில் வழுக்கிச் செல்லும். நாம் பயணம் செய்யும் ரயில் பெட்டிகளும் இப்படித்தான் அமைந்துள்ளன.

பின்னர் மோட்டார். சில வேளை சக்கரம் சுழலும், வண்டி நகராது. காரணம் பிடிமானக் குறைவு. பேட்டரிப் பெட்டியை மோட்டார் சக்கரங்களுக்கு மேலே வைத்தால், அந்தக் கனமே சக்கரத்தைத் தண்டவாளத்தில் அழுத்திப் பிடிக்கும். எடை சுமைதானே என்று எண்ணிய பிள்ளை, இடமறிந்து வைத்த சுமை உதவியாவதைக் காண்கிறான்.

இவ்வளவும் விளையாட்டுத்தானே என்று எண்ணிவிடாதீர்கள். சாயர்புரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வூரில் ரயில் நிலையம் இல்லை. ஒருபுறம் தூத்துக்குடிக்கோ, மறுபுறம் ஸ்ரீவைகுண்டம், நாசரேத் நிலையங்களுக்கோ செல்ல வேண்டும். அங்குள்ள பிள்ளை ரயிலைப் பார்ப்பது எப்போதோ ஒருமுறை; அதுவும் நடைமேடையில் நின்று, சன்னலும் கதவுமாக. அதைத் தாங்கி நிற்கும் பாதையை அவன் பார்ப்பதில்லை. நம்மில் பெரியவர்களும் பார்ப்பதில்லை. 2023 டிசம்பர் மாதம் அதைப் பார்க்க வைத்தது.

அம்மாதம் 17, 18 தேதிகளில் நம் மாவட்டம் கண்ட மழையை யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. 17ஆம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில், ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தை அடைந்தது. அங்கே அது நிறுத்தப்பட்டது. நிலைய அதிகாரி ஜாபர் அலி அவர்கள் அதை மேலே செல்ல விடவில்லை. ஸ்ரீவைகுண்டத்திற்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே வெள்ளம் பாதையின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் அரித்துக்கொண்டு போயிருந்தது. தண்டவாளம் அறுபடவில்லை, தாங்குவது ஏதுமின்றி அந்தரத்தில் தொங்கியது. பயணிகள் இரண்டு நாட்கள் நீரால் சூழப்பட்டுத் துன்புற்றனர். அக்கம்பக்கத்துக் கிராம மக்கள் தம் துன்பத்திற்கிடையிலும் அவர்களுக்கு உணவளித்தனர். 19ஆம் தேதி அவர்கள் மீட்கப்பட்டனர். உயிரோடு வீடு திரும்பினர்.

அந்த இரவை உங்கள் பிள்ளைக்கு விளக்க, அவன் கட்டிய ரயிலே போதும். ஒரே கனமுள்ள புத்தகங்களை வரிசையாக அடுக்கி, அவற்றின் மீது தண்டவாளத்தை அமையுங்கள். நடுவிலுள்ள ஒரு புத்தகத்தை மெல்ல உருவி விடுங்கள். மேலிருந்து பார்த்தால் பாதை முன்போலவே தோன்றும். இப்போது வண்டியைக் கையால் மெதுவாகத் தள்ளச் சொல்லுங்கள். இடைவெளிக்கு வந்ததும் பாதை தொய்வதை அவன் காண்பான். இருட்டில், கொட்டும் மழையில், ஓட்டுநரின் கண்ணுக்கு இது தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்பான். அப்படியானால் யார் காப்பாற்றுவது? தகவலைக் கேட்டு, தக்க நேரத்தில் "நில்" என்று சொல்லத் துணிந்த மனிதர்தான்! ஓட்டுவதையே வீரம் என்று எண்ணியிருந்த சிறுவன், நிறுத்துவதும் ரயிலை நடத்தும் கலையின் ஒரு பகுதி என்று உணர்கிறான். இதனை எத்தனை பக்கம் பாடம் எழுதினாலும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்க இயலுமா? சிந்தித்துப் பாருங்கள்.

"இத்தகைய ரயில் தொகுப்பு பல ஆயிரம் ரூபாய் ஆகுமே?" என்று ஒரு சகோதரி கேட்கலாம். உண்மைதான். 2020இல் வெளிநாட்டு விளையாட்டுப் பொருள்களுக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. ஆனால் கடன் வாங்கிப் பெரிய தொகுப்பு வாங்க வேண்டியதில்லை. சாதாரணக் கட்டைகளோடு, மின்பொருள் கடையில் கிடைக்கும் 3 வோல்ட் விளையாட்டு மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் ஒரு ரப்பர் வளையமும் இருந்தால் ஓடும் வண்டி ஒன்று செய்யலாம். மோட்டார் மிக வேகமாகச் சுழலும். ஆகவே அதன் சிறிய அச்சிலிருந்து, சக்கர அச்சில் மாட்டிய பெரிய வட்டுக்கு ரப்பர் வளையத்தை இழுத்து மாட்டினால் வேகம் குறைந்து இழுவிசை கூடும். வண்டி எங்கேனும் சிக்கினால் ரப்பர் வழுக்கி மோட்டாரைக் காக்கும். பாதையின் இருபுறமும் கட்டைகளால் வரப்பு அமைத்தால் அதுவே தண்டவாளம்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியவை சில:

1. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை தவழும் இடத்தில் சிறு கட்டைகள் சிதறிக் கிடக்கலாகாது. விளையாடி முடித்ததும் ஒரு விரிப்போடு அள்ளிப் பையில் இட்டுக் கட்டிவிடுங்கள்.

2. பெட்டிகளை இணைக்கச் சிறு காந்தங்கள் இருக்கும். கழன்ற காந்தத்தை உடனே அப்புறப்படுத்துங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால், அவை குடலின் சுவர்களை இடையில் பிடித்துக்கொண்டு துளைத்துவிடும்.

3. மலிவான பொம்மைகளிலுள்ள பொத்தான் பேட்டரி மிகவும் ஆபத்தானது. தொண்டைக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் புண்ணாக்கிவிடும். ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்கு விரையுங்கள். கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தாதீர்கள்.

4. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கப்படும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகும். அதைப் பார்த்து வாங்குங்கள்.

5. பழைய பேட்டரியையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். பல நாள் ஓட்டாவிட்டால் கழற்றி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரயில் ஆண் பிள்ளைக்கு, பொம்மை பெண் பிள்ளைக்கு என்று நாமே கோடு கிழித்து விடுகிறோம். காக்கா கட்டும்போது தங்கை கட்டைகளை எடுத்துக் கொடுக்கும் எடுபிடியாகவே இருந்துவிட வேண்டாம். அவளும் ஒரு பெட்டி கட்டட்டும். அது வளைவில் ஏன் நின்றது என்று அவளும் யோசிக்கட்டும்.

அயல்நாட்டில் இருக்கும் வாப்பாமார்களே! தொலைபேசியில் அழைக்கும்போது, "எத்தனை மதிப்பெண் வாங்கினாய்?" என்று கேட்டு முடித்துவிடாதீர்கள். "இன்று ரயில் எங்கே தடம் புரண்டது? என்ன செய்து சரிப்படுத்தினாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் நீளமாக வரும். அவசரப்படாமல் அதை முழுதும் கேளுங்கள்.