ரோட்டில் கிடந்த போன்

எங்கள் புதுச்சேரிக்கு விடுதலை ஒரு தடவை போதவில்லை. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள். சட்டப்படி முழுசாகக் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். ஊரோடு சேர்ந்து ஆகஸ்ட் 15 வேறு. கொடிக்குப் பஞ்சமில்லை.

கதிர்காமத்தில் எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் போன வாரம் ஒரு செல்போனோடு வந்தார். ரோட்டில் கிடந்ததாம். "ஸ்டேஷன்ல குடுத்துடுங்களேன்" என்றேன்.

"நான் குடுத்தா 'எங்கடா அடிச்சே'ம்பாங்க. நீங்க போனா உக்காரச் சொல்வாங்க சார்."

போனேன். உட்காரத்தான் சொன்னார்கள்!

வீண் பயமா இது? கைதானால் குறிப்பு எழுது, சொந்தக்காரருக்குத் தகவல் சொல் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். ஸ்டேஷன்தோறும் கேமரா வை என்றது 2020-ல். ஆனாலும் 2025 ஜூனில், மடப்புரத்தில் நகை காணோம் என்ற புகாரில் போலீஸ் விசாரித்த கோயில் காவலாளி உயிரோடு வீடு திரும்பவில்லை.

போலீஸை மட்டும் திட்டிவிட்டு நழுவாதீர்கள். உங்கள் வீட்டில் மோதிரம் காணோம் என்றால் யார் பெயர் முதலில் வாயில் வருகிறது? வேலைக்கார அம்மா பெயர்தானே? (அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.)

நம் இஸ்திரிக்காரர், சட்டைப் பையில் பத்து ரூபாய் இருந்தாலும் கூப்பிட்டு நம்மையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.